கண்ட்ரோல் வி-யை நிரல் அழுத்தினால்: கிளிப்போர்டிலிருந்து ஒட்டும்போது உள்ளே நடப்பது என்ன?

கையால் கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி அழுத்தினால் எழுத்து அப்படியே வந்து விழுகிறது. அதே வேலையை நாலு வரி நிரலில் செய்யப் போனால் கதை மாறிவிடுகிறது. ஒருமுறை தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் "?????" வருகிறது. இன்னொருமுறை, இப்போது காப்பி செய்ததை விட்டுவிட்டு, முன்பு எப்போதோ காப்பி செய்தது ஒட்டிக்கொள்கிறது. பத்து முறை ஒழுங்காக ஓடிய நிரல் பதினொன்றாவது முறை "கிளிப்போர்டைத் திறக்க முடியவில்லை" என்று நின்றுவிடுகிறது. இணையப் பக்கத்தில் எழுதினால் உலாவி அனுமதி கேட்கிறது. நிரலை வரி வரியாகப் பார்த்தால் தப்பு எதுவும் கண்ணில் படாது.

கிளிப்போர்டை ஒரு மாறி போல நினைப்பதுதான் இதற்கெல்லாம் வேர். ஒருவர் உள்ளே போடுகிறார், இன்னொருவர் எடுக்கிறார் என்ற படம் மனதில் இருக்கும்வரை மேலே சொன்ன எதுவும் புரியாது. கிளிப்போர்டு என்பது இரண்டு செயலிகளுக்கு நடுவே, இயங்குதளத்தைச் சாட்சியாக வைத்து நடக்கும் கொடுக்கல் வாங்கல். கொடுப்பவர் பல வடிவங்களில் கொடுக்க முன்வருவார், வாங்குபவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். சில சமயம் கேட்ட பிறகுதான் சரக்கே தயாராகும்.

## முதலில் சில சொற்கள்

கிளிப்போர்டு: ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்குத் தரவைக் கைமாற்ற இயங்குதளம் வைத்திருக்கும் பொது இடம். வெட்டு, நகல், ஒட்டு என்ற முறையை 1970களின் நடுவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வுக்கூடத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ஜிப்ஸி என்ற எழுத்துத் தொகுப்பானில் கொண்டுவந்தார்கள். கத்தரிக்கோலும் பசையும் வைத்துக் கைப்பிரதியைத் திருத்திய பத்திரிகை அலுவலகப் பழக்கம்தான் அந்தப் பெயருக்கு மூலம். ஆப்பிளின் லிசா (1983), மேக்கின்டாஷ் (1984) வழியாக அது எல்லோர் மேசைக்கும் வந்தது.

வடிவம்: ஒரே தகவலின் வெவ்வேறு உருவங்கள். எளிய உரை, எச்டிஎம்எல், படம், கோப்புப் பட்டியல் என்று பல உண்டு.

உரிமையாளர்: கடைசியாகக் காப்பி செய்த செயலி.

ஒட்டுதல்: இதில்தான் பெரிய குழப்பம். கிளிப்போர்டில் இருப்பதைப் படிப்பது ஒரு வேலை. படித்ததை இன்னொரு செயலியின் சாளரத்தில் நுழைப்பது வேறு வேலை. "நிரல் வழியாகப் பேஸ்ட் செய்வது எப்படி?" என்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு முதலாவது மட்டும் போதும். மீதிப் பேருக்கு இரண்டாவது வேண்டும், அதுதான் தலைவலி.

## பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

எக்செலில் நாலு கட்டங்களைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்தால் கிளிப்போர்டில் ஒரு பொருள் போய் உட்காருவதில்லை. பத்துக்கும் மேற்பட்ட வடிவங்களின் பட்டியல் ஒன்று போகிறது: எக்செலுக்கே உரிய வடிவம், எச்டிஎம்எல் அட்டவணை, டேப் எழுத்தால் பிரித்த எளிய உரை, ஒரு படம், இன்னும் சில. வேர்டில் ஒட்டினால் அட்டவணையாகவும், நோட்பேடில் ஒட்டினால் வெறும் எழுத்தாகவும், பெயின்டில் ஒட்டினால் படமாகவும் வருவது இதனால்தான். வாங்குபவர் தனக்குப் புரிகிற வடிவத்தை எடுத்துக்கொள்கிறார்.

விண்டோஸ் இந்த வடிவங்களுக்கு எண் கொடுத்திருக்கிறது. பழைய வகை உரைக்கு 1, பிட்மேப் படத்துக்கு 2, யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் முறை) உரைக்கு 13, கோப்புப் பட்டியலுக்கு 15. இந்த 1, 13 இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு வரும் வினைகளில் பெரும்பகுதி இவற்றுக்கு இடையில்தான் இருக்கிறது.

சரி, பத்து வடிவங்களையும் எக்செல் உடனே தயாரித்து வைத்துவிடுகிறதா? இல்லை. பெரிய அட்டவணையாக இருந்தால் அது நினைவகத்தை வீணாக்கும். அதனால் "இந்த வடிவம் என்னிடம் கிடைக்கும், கேட்டால் தருகிறேன்" என்று வாக்கு மட்டும் கொடுத்து வைக்க விண்டோஸ் அனுமதிக்கிறது. யாராவது ஒட்டும்போது விண்டோஸ் உரிமையாளருக்குச் செய்தி அனுப்பும், அப்போதுதான் தரவு உருவாகும். நிறைய காப்பி செய்துவிட்டு ஆபீஸ் செயலியை மூடப் போனால், கிளிப்போர்டில் பெரிய அளவில் தரவு இருக்கிறது, வைத்திருக்கவா என்று அது கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். கொடுத்த வாக்கைக் கடை மூடும் முன் நிறைவேற்றவா, கைவிடவா என்பதுதான் அந்தக் கேள்வி.

லினக்ஸில் சாளரங்களைக் காட்டும் பழைய எக்ஸ்11 முறை இதை அதன் எல்லைக்கே கொண்டுபோகிறது. அங்கே பொது இடமே கிடையாது. காப்பி செய்த செயலி "உரிமையாளர் நான்" என்று அறிவிக்கும், அவ்வளவுதான். ஒட்டும் செயலி, எக்ஸ்11-இன் மைய நிரலான எக்ஸ் சர்வர் வழியாக அதனிடம் கேட்டு வாங்க வேண்டும். காப்பி செய்த செயலியை மூடிவிட்டால் கேட்க ஆள் இல்லை, காப்பி செய்ததும் போய்விடும். லினக்ஸில் காப்பி செய்து உடனே முடிந்துவிடும் சின்ன நிரல் எழுதி, "ஒட்டினால் ஒன்றும் வரவில்லையே" என்று முழிப்பவர்களுக்கு விடை இதுதான். கிளிப்போர்டு மேலாளர் என்ற பின்னணிச் செயலி இருந்தால் அது இடையில் புகுந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். கட்டளை வரியிலிருந்து கிளிப்போர்டைக் கையாளும் எக்ஸ்கிளிப் போன்ற கருவிகள் பின்னணியில் உயிரோடு இருப்பதும் இதற்காகத்தான்.

எக்ஸ்11-இல் ஒன்றுக்கு இரண்டு கிளிப்போர்டுகள் புழக்கத்தில் உள்ளன. சுட்டியால் தேர்ந்தெடுத்த உடனே நிரம்பி, நடுப் பொத்தானால் ஒட்டப்படுவது ஒன்று. கண்ட்ரோல் சி-யால் நிரம்புவது மற்றொன்று. எக்ஸ்கிளிப் எதுவும் சொல்லாவிட்டால் முதலாவதைத்தான் தொடும். நிரல் ஒன்றில் எழுதி, கை இன்னொன்றிலிருந்து ஒட்டும் வேடிக்கை அப்படித்தான் நடக்கிறது.

## விண்டோஸில் படிக்கும் வரிசை

மேல்மட்ட மொழிகள் இதை ஒரே வரியில் மறைத்துவிடும். ஆனாலும் உள்ளே நடக்கும் வரிசை தெரிந்தால்தான் பிழை வரும்போது எங்கே பார்ப்பது என்று தெரியும்.

1. கிளிப்போர்டைத் திற. ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறந்து வைத்திருக்க முடியும். வேறு யாராவது திறந்திருந்தால் முயற்சி தோற்கும்.
2. வேண்டிய வடிவம் இருக்கிறதா என்று பார். உரைக்கு எண் 13.
3. அதைக் கேள். கிடைப்பது எழுத்து அல்ல, நினைவகப் பகுதி ஒன்றைச் சுட்டும் கைப்பிடி. தாமத வாக்காக இருந்தால் உரிமையாளர் இப்போதுதான் தயாரித்துக் கொடுப்பார், நம் நிரல் அதுவரை காத்திருக்கும்.
4. கைப்பிடியைப் பூட்டி, எழுத்துகளை நம் நினைவகத்துக்குப் பிரதி எடு.
5. பூட்டைத் திற. அந்தப் பகுதியை நாம் விடுவிக்கக் கூடாது. அது கிளிப்போர்டின் சொத்து.
6. கிளிப்போர்டை மூடு. நடுவில் பிழை நேர்ந்தாலும் மூடியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கணினியில் வேறு எந்தச் செயலியும் காப்பி பேஸ்ட் செய்ய முடியாமல் தவிக்கும்.

கிளிப்போர்டில் எழுதும்போது வரிசை கொஞ்சம் மாறும்: திறந்து, காலிசெய்து, நாம் ஒதுக்கிய நினைவகத்தை ஒப்படைத்து, மூட வேண்டும். ஒப்படைத்த பிறகு அது நமதல்ல. ஒதுக்கும் அளவில் பலர் சறுக்குகிறார்கள். "தமிழ்" என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். வடிவம் 13-இல் ஒவ்வொன்றுக்கும் 2 பைட், முடிவைக் காட்டும் சுழியத்துக்கு இன்னொரு 2 பைட், ஆக 12 பைட் வேண்டும்.

முதல் படிதான் அந்தப் "பதினொன்றாவது முறை" பிழைக்குக் காரணம். கிளிப்போர்டு வரலாறு, மொழிபெயர்ப்புக் கருவிகள், தொலைமேசை இணைப்பு என்று பல செயலிகள் கிளிப்போர்டு மாறிய உடனே ஓடிவந்து பார்க்கின்றன. அவை திறந்து வைத்திருக்கும் அந்தச் சில மில்லிவினாடிகளில் நம் நிரல் போய்க் கதவைத் தட்டினால் தோல்விதான். இதற்குப் பிழைச்செய்தி காட்டுவது அபத்தம். சிறிது பொறுத்து மறுபடி முயல வேண்டும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரல் தளத்தில் உள்ள விண்டோஸ் ஃபார்ம்ஸ் நூலகம் எழுதும்போது தானாகவே 100 மில்லிவினாடி இடைவெளியில் 10 முறை முயல்கிறது. நம் நிரலுக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

பைத்தானில் எழுதுபவர்களுக்கு இரண்டு எளிய வழிகள். பைபர்கிளிப் நூலகம் ஒன்று. விண்டோஸில் மேலே சொன்ன வரிசையையும், மேக்கில் கணினியோடு வரும் காப்பி, பேஸ்ட் கட்டளைகளையும், லினக்ஸில் எக்ஸ்கிளிப் போன்ற வெளிக் கருவியையும் அது பயன்படுத்துகிறது. லினக்ஸில் அந்தக் கருவி நிறுவப்படாவிட்டால் நூலகம் கைவிரித்துவிடும். மற்றொன்று சாளரங்கள் உருவாக்கப் பைத்தானோடு வரும் டிகிண்டர். தனியாக நிறுவ வேண்டியதில்லை என்றாலும் ஒரு சாளரத்தை உருவாக்கியாக வேண்டும், கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்தாலும் சரி.

## தமிழ் ஏன் கேள்விக்குறி ஆகிறது?

விண்டோஸ் ஓர் உதவி செய்கிறது. ஒரு செயலி யூனிகோடு உரையை (எண் 13) மட்டும் வைத்தாலும், பழைய செயலிகளுக்காக எண் 1 வடிவத்தைத் தானே தயாரித்துக் கொடுக்கும். ஆங்கிலத்துக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. கிரேக்கத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் அவற்றுக்கென்று பழைய குறியீட்டுப் பக்கங்கள் (எந்த எண் எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியல்கள்) இருந்தன. தமிழுக்கு அப்படி ஒன்றே கிடையாது. விண்டோஸ் 2000-இல் தமிழ் வந்தபோதே யூனிகோடு மட்டுமாகத்தான் வந்தது. ஆகவே தமிழை எண் 1 வடிவத்தில் கேட்டால், பொருத்தமான எழுத்து இல்லாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கேள்விக்குறியை விண்டோஸ் வைக்கும். "தமிழ்" ஐந்து கேள்விக்குறி ஆகும். மூன்று அல்ல, ஐந்து. குறியும் புள்ளியும்கூடத் தனித்தனியே கணக்கில் வரும்.

அதாவது இது எழுத்துருப் பிரச்சினை அல்ல, விசைப்பலகைப் பிரச்சினையும் அல்ல. நிரல் தவறான வடிவத்தைக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். 1-ஐ 13 ஆக்கினால் தீர்ந்தது.

ஆனால் ஏமாந்துவிடக் கூடாது. தரவு நன்றாக இருந்தும் காட்டும் சாளரம் கேள்விக்குறியாகக் காட்டலாம். எக்செலுக்குள்ளேயே எழுதும் விபிஏ நிரலில் இது அடிக்கடி நடக்கும். அதன் செய்திப் பெட்டியும் நிரல் எழுதும் சாளரமும் பழைய குறியீட்டுப் பக்கத்தையே நம்பி இருக்கின்றன. கிளிப்போர்டிலிருந்து தமிழ் ஒழுங்காக வந்திருக்கும், பெட்டி மட்டும் "?????" என்று காட்டும். எது நடந்தது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. முதல் எழுத்தின் யூனிகோடு எண்ணை அச்சிட்டுப் பாருங்கள். "த" என்றால் 2980 வரவேண்டும். தமிழ் எழுத்துகள் எல்லாமே 2944 முதல் 3071 வரை உள்ள பகுதியில்தான் இருக்கும். 63 வந்தால் அது உண்மையான கேள்விக்குறி. தரவு போய்விட்டது, மீட்க வழியில்லை.

ஒட்டிய தமிழ் கெட்டுப்போன விதத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம்:

1. கேள்விக்குறிகள்: பழைய வடிவத்தில் கேட்டதால் இழப்பு. மூலத்திலிருந்து மறுபடி காப்பி செய்ய வேண்டும்.
2. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் திரும்பத் திரும்ப வருவது: யூடிஎஃப்-8 (யூனிகோடு எண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் ஒரு முறை) பைட்டுகளை மேற்கு ஐரோப்பியக் குறியீடாக எண்ணிப் படித்திருக்கிறார்கள். இந்தப் பகுதியில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட். அதனால் ஒவ்வொன்றும் மூன்று மூன்றாகச் சிதறும். பைட்டுகள் பத்திரமாக இருந்தால் மீட்கலாம்.
3. கட்டங்கள்: தரவு சரி, எழுத்துருவில் தமிழ் இல்லை.
4. பொருளற்ற ஆங்கில எழுத்துகள்: இது தனிக் கதை.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பிலிருந்து "தமிழ்" என்பதைக் காப்பி செய்து எளிய உரையாக ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வரும். பார்ப்பவர் கிளிப்போர்டு சொதப்பிவிட்டது என்பார். உண்மையில் கிளிப்போர்டு மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது. அந்தக் கோப்பில் எப்போதுமே இருந்தது அந்த ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது எழுத்துரு. எளிய உரை வடிவத்தில் எழுத்துருவின் பெயர் வராது, போர்வை கழன்று விழுகிறது. இலங்கை, தமிழ்நாடு இரண்டிலும் பழைய அச்சகக் கோப்புகள் இப்படி ஏராளம். நிரல் செய்ய வேண்டியது படித்தபின் எழுத்துமாற்றி வழியாக அனுப்புவது. மூல எழுத்துரு எது என்று தெரியாமல் அதைச் செய்ய முடியாது. தெரிய வேண்டுமென்றால் எளிய உரையோடு நிற்காமல் எச்டிஎம்எல் அல்லது ஆர்டிஎஃப் (எழுத்துரு, அலங்காரம் எல்லாம் சேர்ந்த உரை) வடிவத்தையும் கேட்டு, அதில் எழுத்துருப் பெயரைத் தேட வேண்டும். வடிவப் பட்டியலின் அருமை இங்கேதான் தெரிகிறது.

எச்டிஎம்எல் வடிவத்தைக் கையாளுவோருக்குத் தமிழால் வரும் இன்னொரு பொறி. விண்டோஸில் அந்த வடிவத்தின் தலைப்பில், ஒட்ட வேண்டிய பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எண்ணால் குறிக்க வேண்டும். அந்த எண் எழுத்துக் கணக்கு அல்ல, யூடிஎஃப்-8 பைட் கணக்கு. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால், எழுத்தை எண்ணிப் போட்ட நிரலும் பல வருடம் பிழையின்றி ஓடும். முதல் தமிழ்ப் பத்தி வந்த அன்று மூன்றில் ஒரு பங்கோடு ஒட்டல் நின்றுபோகும். "தமிழ்" 5 குறியீடு, 15 பைட்.

ஒட்டிய தமிழ் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தும் தேடலில் சிக்காமல் போவதும் உண்டு. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். உருவம் ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு. ஒட்டியதும் யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் பல குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது) செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகும். ஆனால் "கௌ" என்பதற்குப் பதில் கெ, ள என்று யாரோ அடித்திருந்தால் அந்த இயல்பாக்கமும் உதவாது. அது எழுத்துப்பிழை, குறியீட்டு வேறுபாடு அல்ல. "ஸ்ரீ" இன்னும் மோசம். ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், பிற்பாடு யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். இயல்பாக்கம் இரண்டையும் ஒன்றாக்காது. கோயில் பெயர்ப் பட்டியலை ஒட்டித் தேடும் நிரல் எழுதுபவர் இதற்குத் தனியாக ஒரு வரி சேர்த்தே ஆக வேண்டும்.

## படித்தாயிற்று. வேறு செயலியில் நுழைப்பது எப்படி?

மூன்று வழிகள் உண்டு, நம்பகம் குறைந்துகொண்டே போகும் வரிசையில்:

1. நேரடியாக எழுதுதல். இலக்குச் செயலிக்கு நிரலிடைமுகம் (வேறு நிரல்கள் அதற்குக் கட்டளையிடும் வாசல்) இருந்தால், எடுத்துக்காட்டாக வேர்டு அல்லது எக்செல், கிளிப்போர்டே வேண்டாம். உரையை அதன் கையிலேயே கொடுத்துவிடலாம். கிளிப்போர்டு வழியாகப் போவது பல நேரம் வெறும் பழக்கத்தால்தான்.
2. ஒட்டு என்று செய்தி அனுப்புதல். விண்டோஸின் சாதாரண உரைப்பெட்டிகளுக்கு "ஒட்டிக்கொள்" என்ற செய்தியை அனுப்பலாம். உலாவி போலத் தன் பெட்டியைத் தானே வரைந்துகொள்ளும் செயலிகளுக்கு இது புரியாது.
3. பொய் விசை. கண்ட்ரோல் வி அழுத்தப்பட்டதாக இயங்குதளத்தை நம்பவைப்பது. எங்கும் வேலை செய்வதுபோல் தோன்றும், அதனால்தான் எல்லோரும் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவதில் நடக்கும் விபத்துகளைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

வழக்கமான நிரல் இப்படி இருக்கும்: பயனரின் பழைய கிளிப்போர்டைச் சேமி, நம் உரையை வை, கண்ட்ரோல் வி அனுப்பு, பழையதைத் திரும்ப வை. நல்ல எண்ணம்தான். ஆனால் கண்ட்ரோல் வி அனுப்புவது தபால் பெட்டியில் கடிதம் போடுவது போல. போட்ட உடனே நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும். இலக்குச் செயலி அந்த விசையைக் கவனித்துக் கிளிப்போர்டைத் திறப்பதற்குள் நம் நிரல் பழையதைத் திரும்ப வைத்துவிட்டிருக்கும். விளைவு: முன்பு காப்பி செய்தது ஒட்டிக்கொள்கிறது. வேகமான கணினியில் நோட்பேடில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். மெதுவான செயலியில், தொலைமேசையில் மாட்டிக்கொள்ளும். பலர் அரை நொடி தூங்கச் சொல்லி ஒரு வரி சேர்ப்பார்கள். அது சிகிச்சை அல்ல, ஜுர மாத்திரை.

முன்பு சொன்ன தாமத வாக்கு இங்கே உதவும். உரையை நேரடியாக வைக்காமல் "கேட்டால் தருகிறேன்" என்று மட்டும் வைத்தால், யாரோ கேட்கும் கணம் நமக்குத் தெரியவரும். அதன்பிறகு பழையதைத் திரும்ப வைக்கலாம். கேட்டது இலக்குச் செயலிதானா, வேவு பார்க்கும் கிளிப்போர்டு வரலாறா என்ற சந்தேகம் இதிலும் மிஞ்சும். கூடவே கிளிப்போர்டு மாறும்போதெல்லாம் கூடும் வரிசை எண் ஒன்றை விண்டோஸும் மேக்கும் வைத்திருக்கின்றன. பழையதைத் திரும்ப வைக்கும் முன் அந்த எண்ணைப் பார்த்தால், இடையில் பயனரே புதிதாக எதையாவது காப்பி செய்திருக்கிறாரா என்று தெரியும். செய்திருந்தால் அதன்மேல் கை வைக்கக் கூடாது.

இன்னும் சில:

- பயனர் ஆல்ட் சேர்ந்த குறுக்குவிசையால் நிரலை இயக்கியிருந்தால், நாம் கண்ட்ரோல் வி அனுப்பும்போது அவர் விரல் ஆல்ட் மேலேயே இருக்கும். செயலிக்குக் கேட்பது கண்ட்ரோல் ஆல்ட் வி. விரல் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.
- லினக்ஸின் பல முனையங்களில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரங்களில்) ஒட்டுவதற்கான விசை கண்ட்ரோல் ஷிஃப்ட் வி.
- நிர்வாகி உரிமையோடு ஓடும் சாளரத்துக்குச் சாதாரண நிரல் பொய் விசை அனுப்ப முடியாது. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் தடுக்கிறது. மேக்கில் அணுகல்தன்மை அனுமதியைப் பயனர் கையால் கொடுக்க வேண்டும். எக்ஸ்11-க்குப் பின் வந்த லினக்ஸின் வேலண்ட் முறையில், கவனம் தன்மேல் இல்லாத (பயனர் இப்போது பயன்படுத்தாத) செயலியால் வழக்கமான வழியில் கிளிப்போர்டைப் படிக்கவே முடியாது.

## உலாவி ஏன் அனுமதி கேட்கிறது?

இணையப் பக்கம் எழுதுபவருக்கு இரண்டு வாசல்கள். பயனர் தானே கண்ட்ரோல் வி அழுத்தும்போது வரும் ஒட்டு நிகழ்வு ஒன்று. அதற்குள் நின்று தரவைப் படிக்க எந்த அனுமதியும் வேண்டாம், ஏனெனில் பயனர் விருப்பம் தெளிவாகத் தெரிகிறது. ஒட்டும் உரையைச் சுத்தம் செய்ய மட்டும்தான் தேவை என்றால் இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இரண்டாவது, பக்கமே போய்ப் படிக்கும் ஒத்திசையா நிரலிடைமுகம் (கேட்டுவிட்டு, விடை பிறகு வரும் வகை). குரோம் 66-இல் (2018) வந்தது, சஃபாரியில் 2020-இல், ஃபயர்ஃபாக்ஸ் 125-இல் (2024). எச்டிடிபிஎஸ் பக்கமாக இருக்க வேண்டும். குரோம் அனுமதிப் பெட்டி காட்டும். சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும், உரை வேறு தளத்திலிருந்து வந்ததாக இருந்தால் "ஒட்டு" என்று சிறு பொத்தானைக் காட்டி, அதை அழுத்தினால்தான் தரும். உலாவியின் உருவாக்குநர் சாளரத்தில் இப்படிப் படிக்கும் வரியைத் தட்டிச் சோதிப்பவர்களுக்கு, பக்கம் கவனத்தில் இல்லை என்ற பிழை வரும். கவனம் அந்தச் சாளரத்தின்மேல் இருப்பதால் வருவது அது, நிரல் தப்பில்லை.

ஒட்டு நிகழ்வைத் தலைகீழாகப் பயன்படுத்தி, கடவுச்சொல் பெட்டியில் ஒட்டவிடாமல் தடுக்கும் தளங்கள் இன்னும் நிறைய. பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு நேர் எதிராக, கடவுச்சொல்லை ஒட்ட அனுமதிக்க வேண்டும் என்கிறது. ஒட்ட முடியாவிட்டால் ஆட்கள் கையால் அடிக்கத் தோதான, பலவீனமான கடவுச்சொல்லுக்குத்தான் போவார்கள்.

## கைபேசியில் நடந்த மாற்றம்

2020 வரை ஐபோனில் திறந்திருக்கும் எந்தச் செயலியும் சத்தமில்லாமல் கிளிப்போர்டைப் படிக்கலாம். அந்த ஆண்டு ஐஓஎஸ் 14 சோதனைப் பதிப்பு, எந்தச் செயலி எங்கிருந்து ஒட்டியது என்று திரையின் மேலே காட்டத் தொடங்கியதும் பல பிரபல செயலிகள் கையும் களவுமாகச் சிக்கின. ஸ்பேமைக் கண்டுபிடிக்கவே அப்படிப் படித்ததாக விளக்கிய டிக்டாக், அந்த அம்சத்தை நீக்கியது. ஐஓஎஸ் 16 (2022) அனுமதி கேட்கும் அளவுக்குப் போனது. அதனால் ஐபோன் நிரல் எழுதுபவர் இப்போது, "கிளிப்போர்டில் இருப்பது இணைய முகவரியா, எண்ணா?" என்று உள்ளடக்கத்தைத் தொடாமலே கேட்கும் வசதியையும், அனுமதிப் பெட்டி வராமல் ஒட்டவைக்கும் ஆப்பிளின் சொந்த ஒட்டுப் பொத்தானையும் பயன்படுத்துவதே நல்லது.

ஆண்ட்ராய்டு 10 (2019), பின்னணியில் இருக்கும் செயலிகளுக்குக் கிளிப்போர்டை மூடியது. கவனத்தில் உள்ள செயலியும் முதன்மை விசைப்பலகையும் மட்டுமே படிக்கலாம். கணினியோடு கிளிப்போர்டை ஒத்திசைத்த பல செயலிகள் அன்றே முடங்கின. 13-ஆம் பதிப்பு (2022) சிறிது நேரம் கழித்துக் கிளிப்போர்டைத் தானே துடைத்துவிடுகிறது. விசைப்பலகைக்கு இருக்கும் விலக்கைக் கவனியுங்கள். முன்பின் தெரியாத விசைப்பலகைச் செயலியை நிறுவினால், காப்பி செய்யும் எல்லாவற்றுக்கும் அதனிடம் சாவி போய்விடுகிறது.

## ஒட்டியதை ஏன் நம்பக் கூடாது?

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. கிளிப்பர் எனப்படும் தீநிரல், கிரிப்டோ பணப்பை முகவரி போன்ற ஒன்று கிளிப்போர்டில் தென்பட்டதும் அதைத் திருடனின் முகவரியாக மாற்றிவிடும். நீண்ட, நினைவில் நிற்காத எழுத்துத் தொடர் என்பதால் ஒட்டியபின் யாரும் சரிபார்ப்பதில்லை. 2019-இல் கூகுள் பிளே கடையிலேயே இப்படி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இதை எழுத மேலே பார்த்த அதே வசதிகள் போதும்: மாற்றத்தைக் கவனி, படி, எழுது.

2024 முதல் பரவிய கிளிக்ஃபிக்ஸ் மோசடிக்கு அதுகூட வேண்டாம். "நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபியுங்கள்" என்ற போலிப் பக்கத்தில் பொத்தானை அழுத்தியதும், பக்கம் ஒரு கட்டளையைக் கிளிப்போர்டில் வைக்கும். அப்புறம் விண்டோஸ் விசையும் ஆர்-உம், கண்ட்ரோல் வி, என்டர் என்று அழுத்தச் சொல்லும். கிளிப்போர்டைப் படிக்கத்தான் உலாவி கறாராக அனுமதி கேட்கிறது. பொத்தானை அழுத்திய பிறகு எழுதுவதற்குக் கேட்பதில்லை. மோசடி நுழைவது அந்த இடைவெளியில்தான். ஒட்டும் வேலையைப் பயனரின் விரலே செய்துவிடுகிறது.

முனையத்தில் ஒட்டுபவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஒட்டிய உரையின் முன்னும் பின்னும் தனிக் குறிகளை வைத்து, "இது தட்டச்சு அல்ல, ஒட்டியது" என்று முனையம், கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல்லுக்குச் சொல்லும் முறை அது. அது இயங்கினால் உரைக்குள் இருக்கும் வரிமுறிவு என்டராக மாறிக் கட்டளையை ஓட்டிவிடாது. நம் நிரல் முனையத்துக்குப் பொய் விசையாக ஒவ்வோர் எழுத்தாக அனுப்பினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, ஏனென்றால் ஷெல்லுக்கு அது தட்டச்சாகவே தெரியும்.

கடைசியாக, நிரல் கடவுச்சொல்லைக் கிளிப்போர்டில் வைப்பதாக இருந்தால் கவனிக்க வேண்டியது வரலாறு. விண்டோஸ் 10-இல் 2018-இல் வந்த கிளிப்போர்டு வரலாற்றைப் பயனர் இயக்கி வைத்திருந்தால், அது கடைசி 25 உருப்படிகளை வைத்துக்கொள்ளும். பத்து நொடி கழித்துக் கிளிப்போர்டைக் காலிசெய்துவிட்டோம் என்று நிரல் நிம்மதியாக இருந்தாலும், விண்டோஸ் விசையும் வி-யும் சேர்த்து அழுத்தினால் கடவுச்சொல் அங்கே எட்டிப் பார்க்கலாம். வைக்கும்போதே "இதை வரலாற்றில் சேர்க்காதே" என்று சொல்லத் தனி வடிவம் ஒன்று இருக்கிறது. உரையோடு அதையும் சேர்த்து வைத்தால் போதும். அந்தத் தடையும்கூட பட்டியலில் இன்னொரு வடிவமாகத்தான் போய்ச் சேருகிறது.